ஃபிரிட்ஜ் மேல் கிடந்த கிளை

என் கை பட்ட புண் எதுவும் சீழ் பிடித்ததில்லை. இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் புண்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொன்ன கால்களைக்கூட நடக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட கைதான் ஒரு செடியைக் கொன்றது.

செடி என் நாத்தனாருடையது. ஜேட் செடி. அவள் அறையில் ஜன்னலோர மேஜை மேல், என் மணிக்கட்டுப் பருமனில் தண்டும் கொழுகொழு இலைகளுமாக நிற்கும். பதினோரு வருடத்துக்கு முன் புருஷனை விட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். வந்த ஒரு மாதத்தில், பிடி உடைந்த காப்பிக் கோப்பையில் ஒரு குச்சியை நட்டு ஜன்னலில் வைத்தாள். எங்கே வாங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய கட்டில், பீரோ, திரைச்சீலை எல்லாம் நாங்கள் கொடுத்தவை. இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்தச் செடி ஒன்றுதான்.

அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மூன்று மாதத்துக்கு வேறு ஊருக்குப் போகச் சொன்னார்கள். கிளம்பும்போது செடியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"அண்ணி, இலை சுருங்கினா மட்டும் தண்ணி ஊத்துங்க. மத்தபடி அதை மறந்துடுங்க."

மறப்பதா? நாக்கு வறண்ட பிறகுதான் தண்ணீர் தருவேன் என்று எந்த நோயாளியிடமாவது சொல்ல முடியுமா? காலையில் ஒரு டம்ளர், டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு டம்ளர். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம், தொட்டாலே இலைகள் உதிர்ந்தன. தண்டின் அடியை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. வாடை வந்தது. அந்த வாடை வார்டில் எனக்குப் பழக்கமானதுதான்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும்..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"முடிச்சீங்கன்னா இன்னிக்குச் சாப்பாடு கிடையாது."

அவர் முடிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தேன். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அழுகலை வெட்டி, நல்ல பச்சை தெரியும்வரை மேலே மேலே போனேன். முக்கால்வாசிச் செடி போய்விட்டது. மிஞ்சிய அரை முழத் துண்டின் வெட்டுவாயில் களிம்பு தடவி, ஈரமான துணி சுற்றிக் கட்டுப் போட்டு, புது மண்ணில் நட்டேன். அந்தக் கட்டைப் பார்த்திருந்தால் பெரிய டாக்டரே பாராட்டியிருப்பார். உதிர்ந்த இலைகளையும், ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றிய விரல் நீளக் கிளை ஒன்றையும் செய்தித்தாளோடு சுருட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"குப்பையில போட்டுடுங்க."

நாள் தவறாமல் கட்டு மாற்றினேன். நாலாம் நாள் வெட்டுவாய் மறுபடி கறுத்தது. மறுபடி வெட்டினேன், மறுபடி களிம்பு, மறுபடி கட்டு. மூன்றாம் முறை வெட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதைதான். வார்டில் ஒரு நாளும் அழாத நான், அன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போனில் அவள் கேட்கும்போதெல்லாம் "இருக்கு" என்றேன். இதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்துவிடலாமா என்று செடி விற்கும் கடை வரை போய்விட்டுத் திரும்பினேன். பதினோரு வருடம் அவள் தினமும் பார்த்த முகம். வேறு தலையைப் பொருத்தி அவளை ஏமாற்ற முடியாது.

அவள் வர இன்னும் பத்து நாள். சமையலறை பல்பு போய்விட்டதென்று ஸ்டூல் மேல் ஏறினேன். ஃபிரிட்ஜ் மேல் தூசியோடு தூசியாக அந்தச் செய்தித்தாள் சுருள் பாதி பிரிந்து கிடந்தது.

"ஏங்க, இதைப் போடச் சொல்லி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே?"

"போடணும்னுதான் அங்க வெச்சேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே தாளை விரித்தேன். திறந்த வாய் மூடவில்லை.

இலைகள் வதங்கிக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு இலையின் காம்பு முனையிலும் இளஞ்சிவப்பாக, தையல் நூல் கனத்தில், வேர்கள். வேர் பிறந்த இடத்தில் அரிசி மணி அளவில் இரண்டு குட்டி இலைகள். பெரிய இலை தன்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் கொடுத்துவிட்டுக் காகிதமாக ஆகிக்கொண்டிருந்தது. அந்த விரல் நீளக் கிளையைத் திருப்பிப் பார்த்தேன். வெட்டுவாய் தானாக மூடி, குதிகால் தோல் மாதிரி காய்ந்து இறுகியிருந்தது. அதன் பக்கத்திலிருந்து நாலைந்து வேர்கள் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. மண் இல்லை, தண்ணீர் இல்லை, களிம்பு இல்லை, கட்டு இல்லை. நான் இல்லை.

ஸ்டூல் மேல் அப்படியே நின்றேன். எத்தனை ஆயிரம் புண்கள் ஆறுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் நான் ஆற்றியவை என்றே நினைத்திருந்தேன். ஆறுகிற வேலையை எப்போதும் அந்த உடம்புகள்தான் செய்திருக்கின்றன. நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரரின் சோம்பேறித்தனத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

கிளையைச் சின்னத் தொட்டியில் காய்ந்த மண்ணில் நட்டு, அவள் அறை ஜன்னலோர மேஜையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வைத்தியம் அதுதான். டம்ளரும் கையுமாக அந்த அறை வாசல் வரை போய், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து நானே குடித்த நாட்கள் உண்டு.

நாத்தனார் வந்து இறங்கினாள். வார்டில் அடுத்த நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைப்பது போல, ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு டம்ளர், அழுகல், கட்டு, போனில் சொன்ன பொய், ஃபிரிட்ஜ். அவள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டிவிட்டால் தேவலை என்று நின்றேன்.

"அண்ணி, நான் வந்த அன்னிக்கு என் கையில கட்டுப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வலது உள்ளங்கை. ஆழமான வெட்டு.

"அன்னிக்கு அந்த வீட்டுல அவர் என் செடித் தொட்டியத் தூக்கி அடிச்சார். உடைஞ்சதைப் பொறுக்கறப்ப கிழிச்சுடுச்சு. ஒடிஞ்சு கிடந்த ஒரு கிளைய மட்டும் எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் அதை மறந்தே போயிட்டேன். ஒரு மாசம் இங்க இருந்தேனே தவிர, திரும்பிப் போயிடலாமான்னுதான் நெனச்சிட்டிருந்தேன். போறதுன்னு முடிவு பண்ணிப் பையத் தொறந்தா, உள்ள அது இதே மாதிரி வேர் விட்டிருந்துச்சு." கிளையைத் தொடாமல் விரலால் காட்டினாள். "பைய மூடி பீரோ மேல வெச்சுட்டேன். அதை நட்டுட்டேன்."

தொட்டியைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கை எப்படி ஆச்சுன்னு அன்னிக்கு எல்லாரும் கேட்டுக்கேட்டுத் துளைச்சாங்க. நீங்க மட்டும் கட்டுப் போட்டுட்டு, ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டீங்க. அதனாலதான் அண்ணி இந்த வீட்டுல என்னால இருக்க முடிஞ்சுது."

நான் கேட்காமல் போனதற்குக் காரணம், அன்று எனக்கு டியூட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட்க நாக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது. வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று ஓடினேன். வந்தபோது அவள் தூங்கிவிட்டாள். அப்புறம் அது விட்டுப்போயிற்று.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மேஜை மேல் விரித்திருந்த அவள் உள்ளங்கையில் அந்தப் பழைய தழும்பு, மெல்லிய கோடாகத் தெரிந்தது. நன்றாக ஆறியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றலாமா என்றுகூடக் கேட்கவில்லை.