ரோஸ்மேரி சொன்ன வயதுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. ஒட்டுக்கேட்டு எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

இரண்டாயிரத்து ஆறில், பல்லடம் சாலையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்ட். பல் ஆஸ்பத்திரிக்கு எதற்கு டைப்பிஸ்ட் என்று கேட்பீர்கள். பதினெட்டு வயதாகாத யாரும் வேலையில் இருக்கக் கூடாது என்று, வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் பனியன் கம்பெனிகளை நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. தெற்கேயிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் பிறந்த தேதிக்கு ஒரு காகிதமும் இருக்காது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். ஞானப்பல் முளைத்திருந்தாலும் முளைக்காவிட்டாலும் என் பக்கம் திரும்பி, "பதினெட்டுக்கு மேல், இருபதுக்குள்" என்பார். நான் தட்டுவேன். நான் எழுதிய முதல் புனைவுகள் அவைதான். ஒவ்வொன்றின் கீழும் முத்திரை உண்டு.

புதன்கிழமைகளில், முதலிபாளையத்து கம்பெனி ஒன்றிலிருந்து ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு ரோஸ்மேரி வருவாள். ஆட்களைச் சேர்க்கும் பிரிவில் கிளார்க். தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்துக்காரி. முடியை இறுக்கிப் பின்னி, கைப்பையை மடியில் வைத்து, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி உட்கார்ந்திருப்பாள். மூன்றரை மணிக்கு என் மேஜை மேலிருக்கும் போன் அடிக்கும். அடித்ததும் அவள் எழுந்துவிடுவாள்.

(முதலில் இந்தக் கதையை இப்படித்தான் தொடங்கினேன்: "தொலைபேசி மணியோசை அவள் இதயத்தில் ஆயிரம்—" ஆயிரம் என்ன என்று தெரியாததால் அங்கேயே நிறுத்திவிட்டேன்.)

2

போனில் பேசுகிறவரை அறிமுகப்படுத்த வேண்டும். நான் பார்க்காத ஒரு காட்சியிலிருந்துதான் அவரைக் கொண்டுவர முடியும். ரோஸ்மேரி சொன்னதை வைத்து நான் கட்டியது இது.

திருமூர்த்தி, வயது முப்பத்து மூன்று, பி.எஸ்ஸி. கணிதம். பல்லடத்து நெசவுக் குடும்பம். முதலிபாளையம் பக்கம் அரசாங்கச் சரக்குக் கடையில் விற்பனையாளர். கம்பி வலைக்குப் பின்னால் நின்று பாட்டில் எடுத்துக் கொடுக்கிற வேலை. வலைக்கு மேலே, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது விற்கப்பட மாட்டாது என்று ஒரு போர்டு. எல்லாக் கடையிலும் இருக்கிற போர்டுதான். அதைப் படித்த ஒரே ஆள் திருமூர்த்தி. நீட்டுகிற கை மெலிதாக இருந்தால், "தம்பிக்கு எத்தனை வயசுங்க?" என்று கேட்பார். கார்டு காட்டச் சொல்வார்.

ஏன் கேட்டார்? கதை எழுதுகிறவளுக்கு இங்கே கை பரபரக்கும். திருமூர்த்தியின் தம்பி பதினாறு வயதில் குடித்துவிட்டு நொய்யல் பாலத்திலிருந்து—

இல்லை. அவருக்குத் தம்பியே கிடையாது. பின்னாளில் நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். "போர்டுல எழுதியிருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் காரணம்.

கேட்டதனால் வந்த தொல்லைகள் நிறைய. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கூட்டம் பின்னாலிருந்து கத்தும். பக்கத்து பார்க்காரர், "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, ஏவாரம் பண்ண வந்தீங்களா?" என்பார். இருபத்தாறு வயதில் இரண்டு குழந்தைக்குத் தகப்பனான, ஆள் மட்டும் சிறுத்திருந்த ஒருவரைத் திருப்பி அனுப்பி, அவர் கண்கலங்கிப் போனதும் நடந்தது. பச்சைப் பிள்ளைகளோ, அண்ணன்மார் சர்டிபிகேட்டைக் காட்டி வாங்கிய, இருபத்திரண்டு வயது போட்ட கம்பெனி கார்டை நீட்டினார்கள்.

அவருக்கு லீவு கிடையாது. வருஷத்தில் அரசாங்கம் கடையை அடைக்கச் சொல்லும் சில நாட்கள்தான். அப்படி ஒரு நாள், மகாவீர் ஜெயந்தியன்று, சட்டையை இஸ்திரி போட்டு, சந்தேகப்பட்ட கார்டு எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, கம்பெனி கேட்டில் போய் நின்றார்.

"மேடம், இந்தப் பசங்களுக்கு நெசமா எத்தனை வயசுன்னு தெரிஞ்சா நல்லாருக்குமுங்க."

ரோஸ்மேரிக்கு முதலில் பயம்தான் வந்தது. ஆய்வுக்கு வந்த ஆளோ என்று நினைத்தாள். எந்தக் கடை என்று அவர் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நோட்டைப் பார்த்தாள். பதினொரு எண்கள். அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு எந்த வருஷம் படித்தாய் என்று பேச்சுவாக்கில் கேட்டே உண்மையான வயதைக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை எங்கும் எழுதமாட்டாள். எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை போய்விடும்.

"எழுத்தா கேக்காதீங்க சார். கம்பெனிக்கும் வராதீங்க" என்று சொல்லி, எங்கள் ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்தாள்.

3

இனி நான் பார்த்தது. பாதி கேட்டது.

"சொல்லுங்க சார்."

[ ]

"நூத்தி நாப்பத்திரெண்டா? அது மாரிச்செல்வம். கார்டுல ஜெயபாண்டின்னு இருக்கும். அண்ணன் சர்டிபிகேட்ல சேந்த பய. பதினேழுதான் ஆவுது. குடுத்துராதீங்க."

[ ]

"சண்டை போடத்தான் செய்வான். நீங்க என்ன சொன்னீங்க?"

[ ]

ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒற்றை ரூபாய் போன் ஒன்றிலிருந்து, லாரிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு மனிதர் என்னவோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். அன்று வீட்டுக்குப் போய், அவர் சொல்லியிருக்கக்கூடியதாக ஐந்து வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஐந்தும் உதவாது. ஆனால் நான் கதை எழுத ஆரம்பித்தது அன்றுதான்.

(உண்மையில் அவர் சொன்னது: "ஆஸ்பத்திரில எல்லாரும் காட்டற பல்லை எனக்கும் ஒருக்கா காட்டு தம்பி, பாத்துப்போட்டுத் தாரேன்னனுங்க.")

மழைக்காலம் வருவதற்குள் பட்டியல் குறைந்து பேச்சு நீண்டிருந்தது. ஆடிக்கு ஊரில் என்ன செய்வார்கள், சாயர்புரத்தில் பனங்கற்கண்டு என்ன விலை, உங்கள் ஹாஸ்டலில் சாம்பார் எப்படி. ரோஸ்மேரி பதில்களை மட்டும் சொல்வாள். கேள்விகளை நான் பின்னோக்கி ஊகித்துக்கொள்வேன். ஒரு ரூபாய் தீர்ந்து கட்டாகும். ரிசீவரைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடி நிற்பாள். அடுத்த காசு விழும் வரைக்கும் அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

ஒருநாள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அனு, உங்க ஊர்ல அம்மணின்னா என்ன அர்த்தம்?"

"யாரைச் சொன்னாங்க?"

"என்னியத்தான். மழை வருது, பாத்துப் போங்க அம்மணின்னாரு. பொறவு ரொம்ப நேரம் மன்னிப்புக் கேட்டாரு."

இங்கே வீட்டுப் பெண்களை, பிரியமானவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவோம் என்று சொன்னேன். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அதில் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. திருமூர்த்தி மேல் இல்லை, ரோஸ்மேரி மேலும் இல்லை. என் மேல்.

அவர்களுக்குள் இருந்தது பிரியம் என்று நான்தான் முடிவு கட்டினேனா? எனக்கு அப்போது இருபத்து நான்கு. எனக்கென்று அந்த போன் ஒருமுறைகூட அடித்ததில்லை. புதன்கிழமைக்காக அவளைவிட நான் அதிகம் காத்திருந்தேனோ என்னவோ. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் சில விஷயங்கள் என் கற்பனை அல்ல. சரக்குக் கடையில் வேலை என்றதும் திருமூர்த்திக்கு வந்த நான்கு ஜாதகங்கள் திரும்பிப் போயின. ரோஸ்மேரிக்கு இரண்டு தங்கைகள்; இருவருக்கும் கல்யாணம் முடித்துவிட்டாள். ஊரில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசும்போது, இவளுக்கு இருபத்தேழு என்று அவள் அம்மா சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியிருப்பதுதான் சகிக்கவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நாள் முழுக்க வயது கேட்கிற அவர் இவளிடம் ஒருபோதும் கேட்டதில்லை. மாதம் முழுக்க வயது எழுதுகிற இவளும் கேட்டதில்லை. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் எட்டு மாதம் ஒட்டுக்கேட்டேன்.

5

நவம்பரில் கம்பெனிக்கு ஆய்வு வந்தது. வந்தவர்கள் மாரிச்செல்வத்தைத் தனியாக உட்காரவைத்து வயது கேட்டார்கள். அவன் கார்டில் இருப்பதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏழெட்டு முறை எல்லார் முன்னாலும் கடையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட எரிச்சல் அவனிடம் இருந்தது. போனில் அவன் வயது அடிபட்டதை, புதன்கிழமை வரிசையில் இருந்த பிள்ளைகள் அவனிடம் சொல்லியுமிருந்தார்கள்.

"கடைக்காரர்ட்ட பதினேழுன்னு எங்க மேடமே சொல்லியிருக்காங்க. இங்க மட்டும் இருபத்திரெண்டுன்னு சொல்லச் சொல்லுதாங்க" என்று சொல்லிவிட்டான். சின்னப் பையனின் கோபம். அதனால் என்னென்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது.

மேனேஜர் ஒரு கடிதம் தயார் செய்து ரோஸ்மேரி முன்னால் வைத்தார். குறிப்பிட்ட கடை ஊழியர் எங்கள் பணியாளர்களைத் தொந்தரவு செய்கிறார், பெண் ஊழியரிடம் அடிக்கடி போனில் பேசி வற்புறுத்துகிறார், பொய்யான வயதுகளைப் பரப்புகிறார். கீழே கையெழுத்துக்கு இடம். போட்டால் அவளுக்கு வேலை நிலைக்கும், திருமூர்த்திக்குப் போகும்.

இங்கே நான் ஒரு நீண்ட காட்சி எழுதி வைத்திருந்தேன். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறாள், சாயத் தண்ணீரின் நிறம் மாறுகிறது, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "படிச்சேன் அனு. பேனாவ மூடி அவர் மேசைல வச்சிட்டு வந்துட்டேன்."

மாரிச்செல்வத்தையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு கம்பெனி ஆளோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இந்த முறை சொந்தப் பெயரில். டாக்டர் டார்ச் அடித்தார். "பதினெட்டுக்கு மேல், இருபதுக்குள்." அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டினேன்.

6

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய புதன்கிழமை, ரோஸ்மேரி தனியாக வந்தாள். கையில் துணிப்பை, ஒரு பெட்டி. மூன்றரைக்கு போன் அடித்தது.

"சொல்லுங்க சார்."

[ ]

"அவனுக்குக் குடுக்கலாம். இருவத்தஞ்சு ஆவுது."

[ ]

"அந்தப் பய வேண்டாம்."

வேலையை விட்டதைச் சொல்லுவாள், ஊருக்குப் போவதைச் சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. பட்டியல் முடிந்தது. பிறகு,

"ஒரு பேர் விட்டுப்போச்சு சார். அதையும் எழுதிக்கிடுங்க" என்றாள். "ரோஸ்மேரி. முப்பத்தொண்ணு."

[ ]

இந்த அடைப்புக்குறி எட்டு மாதத்தில் மிக நீளமானது. காசு தீர்ந்து லைன் போயிற்று. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி அடிப்பதற்குள், சாத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் சாயர்புரத்து விலாசத்தை எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"கேட்டா மட்டும் குடு. நீயா குடுத்திராத."

அவள் படியிறங்கிய பிறகு போன் அடித்தது. எடுத்தேன். "மேடம்ங்களா?" என்றார். போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள் என்று சொன்னேன். "அப்படீங்களா" என்றார். அப்புறம், "சரிங்க."

கேளுங்கள், விலாசம் கேளுங்கள் என்று ரிசீவருக்குள் கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் வைத்துவிட்டார்.

அடுத்த புதனும் அடித்தது. "சும்மாதானுங்க கூப்புட்டேன்." அதற்கடுத்த புதனும். ஐந்து புதன்கிழமைகள் அந்த மனிதர் காசு போட்டு, எதுவும் கேட்காமல், எங்கள் ஆஸ்பத்திரியின் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்தார். ஆறாவது புதன், ஜனவரி முப்பத்தொன்று.

"ஏனுங்க, அவங்களுக்கு எந்த ஊருங்க?"

நான் விலாசத்தைப் படித்தேன். எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினார். தெருப்பெயரை இரண்டு தடவை.

7

முடிவுகள். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) அவர் போகிறார். அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. தங்கை காபி கொடுக்கிறாள்.

(ஆ) அவர் போகிறார். அவள் கதவைத் திறக்கிறாள். மதம், சாதி, வேலை மூன்றையும் நடுவில் வைத்துக்கொண்டு அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

(இ) அவர் போகவில்லை.

மூன்றாவது பொய். மறுநாள் தைப்பூசம், வள்ளலார் நினைவு நாள், கடை அடைப்பு. டாக்டர் பழனிக்குப் போனதால் எனக்கும் லீவு. தாராபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக, காலை ஆறு மணிக்குப் பல்லடத்தில் மதுரை பஸ் ஏறினேன். பச்சை வேட்டிகளும் காவடிகளும் சாலையோரம் நடந்துகொண்டிருந்தன. எனக்கு முன் சீட்டில், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர். கண்டக்டரிடம், "மதுரைங்க. அங்கிருந்து தூத்துக்குடிக்கு உடனே வண்டி இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

எட்டு மாதம் என் காதுக்கு வராத குரல் ஆறு வாரத்தில் பழகிப்போயிருந்தது. தோளைத் தொட்டு என் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றே கும்பிட்டார்.

வீட்டில் பழனிக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அரை மணி நேரம் அங்கே இருந்தால் போதும், ராத்திரி வண்டியில் திரும்பி மறுநாள் கடை திறந்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார். தாராபுரம் வரும் வரை, நான் இத்தனை நாள் காலியாக விட்டிருந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டேன். அந்தக் கடைசி நீளமான ஒன்றைத் தவிர. அதில் எதுவும் சொல்லவில்லையாம். "எழுதிக்கிட்டு இருந்தனுங்க. எழுதி முடிச்சுப் பாத்தா லைன் போயிருச்சு."

தாராபுரத்தில் நான் இறங்க எழுந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க எழுதறவங்கன்னு ரோஸ்மேரி சொல்லியிருக்காங்க. அங்க போயி நின்னதும் முதல்ல என்னன்னு சொல்றதுங்க?"

எட்டு மாதம் அவர் வாயில் எத்தனை வாக்கியங்களை வைத்துப் பார்த்தவள் நான். பஸ் நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் இடித்தார்கள். "சாப்பிட்டீங்களான்னு கேளுங்க" என்றேன்.

அவர் அதை மனதில் எழுதிக்கொள்வதுபோலத் தலையாட்டினார். பஸ் கிளம்பிற்று. புழுதியில் நின்றபடி, வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

நடந்ததைத் தெரிந்துகொள்ள ஒரு கடிதம் போதும். விலாசம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. என் வாக்கியத்தோடு அவர் அந்த வாசலில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. உங்களிடம் அதைவிட நல்லது ஒன்று இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். முன்பக்கம், ஜன்னலோரம், நீலச் சட்டை. என் கதையில் அந்த பஸ் இன்னும் ஒட்டன்சத்திரம் தாண்டியிருக்காது.