சாப்டீங்களா அத்தை

திருமயம் பைபாஸில் இருக்கும் பெட்ரோல் பங்கில் பிரின்சி நாள் முழுக்கப் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான். "ஜீரோ பாத்துக்கங்க." வண்டியில் வருகிறவர்கள் ஜீரோவைப் பார்க்க மாட்டார்கள், அவளைத்தான் பார்ப்பார்கள். நீலச் சட்டை, தொப்பிக்குள் சுருட்டி வைத்த பின்னல், காதில் சின்னத் தோடு. அதற்குள்ளிருந்து கட்டையான ஆம்பிளைக் குரல். சிலர் "அண்ணே" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பைக்கில் வரும் காலேஜ் பையன்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். அவள் சொல்வதில்லை, மீட்டரைக் கையால் காட்டுவாள். அந்தக் கையின் முட்டிகளைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் விளையாடுவதுமில்லை.

குத்துச்சண்டைக் கை அது. சொந்த ஊரான ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, விளையாட்டு விடுதி, மாநில மெடல் என்று போய், பிறகு சென்னையில் காசுக்கு மோதும் பாக்ஸிங்கில் இறங்கிய கை. அப்பா தைரியநாதன் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மரிய செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், மகளுக்கு முட்டையும் கறியும் ஷூவும் வாங்க அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆவூர் வீடு அன்றிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது.

சென்னையில் பயிற்சி கொடுத்த மாஸ்டர் அவளுக்கு ஊசி போட்டார். சத்து ஊசி என்றார். நம் பக்கத்தில் சத்து ஊசி என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கூட டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டு வருவார். பிரின்சியும் கையை நீட்டினாள். உடம்பு முறுக்கேறியது, அடி இடியாக இறங்கியது. கொஞ்ச நாளில் முகத்தில் பரு வெடித்தது, மாதவிலக்கு நின்றது, தொண்டை கரகரத்தது. அப்போதுதான் கேட்டாள். மாஸ்டர் சிரித்தார். "பட்டம் வேணுமா, பாட்டுப் பாடணுமா?"

அவள் பட்டத்தைக் கேட்டாள். இதை இங்கே மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை. முதல் ஊசி தெரியாமல் போட்டது, மற்றதெல்லாம் தெரிந்தே போட்டது.

பட்டமும் கிடைத்தது. வடக்கேயிருந்து வந்த ஒரு பெண்ணை மூன்றாவது ரவுண்டில் சாய்த்தாள். அந்தப் பெண்ணின் கன்ன எலும்பு உடைந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவள் பிரின்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள், நல்ல ஆட்டம் என்று. பட்டத்தோடு தந்த பெல்ட்டின் பளபளப்பு அடங்குவதற்குள் சிறுநீர் சோதனை முடிவு வந்தது. பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், நான்கு வருடம் மேடை ஏறக்கூடாது என்றார்கள். மாஸ்டர் சிம் கார்டை மாற்றிவிட்டார். ஊசி நின்றதும் பரு ஆறியது, மாதவிலக்கு திரும்பியது. குரல் மட்டும் திரும்பவில்லை. தொண்டை டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இது போனது போனதும்மா."

அந்தக் குரலோடு ஆவூருக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஊரே கூடும் ஈஸ்டர் பாஸ்கா நாடகத்துக்குக்கூடப் போகவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத திருமயத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்தால் கோட்டை தெரியும். பேச ஆளில்லை. பேச ஆள் வேண்டாம் என்றுதானே வந்தாள்? ஆனாலும் சில நாள் வேலை முடிந்து வந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, "பிரின்சி" என்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பாள். யாரோ ஒரு ஆள் கூப்பிடுவது போலிருக்கும். தாங்க முடியாமல் ஃபேனை வேகமாக வைத்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பேப்பரில் வந்ததை யாரோ சொல்லி, "ஊசி போட்டியாமேடி?" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் கேட்டாள். பிரின்சி "பொய்" என்று எழுதி அனுப்பினாள். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் எழுத்துதான். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படித்து முடித்துவிட்டு வைவாள்: "ஏன்டி, வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும்? நெட்டு இல்லங்கிற, தொண்ட கட்டிருக்குங்கிற. எந்த ஊருத் தொண்டடி வருசக்கணக்கா கட்டுது?" அந்த மெசேஜ்களை அவள் அழிப்பதில்லை. சோறு வடிக்கும்போது போட்டுவிட்டு, கேட்டுக்கொண்டே வடிப்பாள். அறையில் ஒரு ஆள் இருந்து திட்டுவது போலிருக்கும்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பங்க் சூப்பர்வைசர் அடிக்கடி எண் மாற்றுகிறவர். அவர்தான் என்று எடுத்துவிட்டாள்.

"ஹலோ."

எதிர்ப்பக்கத்திலிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல், அவளுக்குத் தெரியவே தெரியாத ஒரு பணிவோடு வந்தது.

"யாருங்க தம்பி பேசுறது? இது எம் மக பிரின்சி நம்பருதானங்க?"

அம்மா வேறு யாரிடமோ போன் கடன் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறாள். பிரின்சியால் வைக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

"பயப்படாதீங்க தம்பி," என்றாள் அம்மா. குரல் இன்னும் தணிந்தது. "அவ பேசாம இருக்கயிலேயே நெனச்சேன். ஒங்களக் கட்டிக்கிட்டாளா? எதுனாலும் சொல்லுங்க. நான் வைய மாட்டேன்."

பங்குத்தந்தையைத் தவிர வேறு யாரிடமும் 'ங்க' போட்டுப் பேசி அறியாதவள் மரிய செல்வி. அந்த 'ங்க'வில் பிரின்சி ஆடிப்போனாள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும், அம்மா என்றால் போதும். சொன்னால் அம்மா இந்தக் குரலைத் தன் மகளுடையது என்று இனிமேல் சாகிறவரை கேட்க வேண்டும்.

"ஆமாங்க... அத்தை," என்றாள்.

"மாதாவே," என்று அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "ஒங்க பேரு என்னங்க?"

டீசல் போட நின்ற லாரியின் நெற்றியில் ஆண்ட்ரூஸ் என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் நின்ற லாரியில் கருப்பர் துணை. வரிசை மாறி நின்றிருந்தால் கதையே வேறு.

"ஆண்ட்ரூஸுங்க."

"வேதக்காரங்களா நீங்க!" அம்மா அழுதுவிட்டாள். "வேற ஆளுகளோ என்னமோ, அதான் மறைக்கிறாளோன்னு நான் செபமால சொல்லாத நாளில்லங்க."

அன்று சாயங்காலமே பிரின்சி எழுதி அனுப்பினாள்: மன்னிச்சிரும்மா, ரிஜிஸ்டர் கல்யாணம், ரெண்டு பேருக்கும் இந்த ஒரு போன்தான். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் துணையாக ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். ஒன்பதோடு எங்கே நின்றது?

வெள்ளிக்கிழமைதோறும் குவைத் வீட்டுக்காரர்கள் வெளியே போன நேரத்தில் அம்மா மருமகனைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் வெள்ளி, என்ன பேசுவது என்று தெரியாமல், எந்த மருமகனும் கேட்பதை அவளும் கேட்டுவைத்தாள்.

"சாப்டீங்களா அத்தை?"

"இந்த ஊருக்கு வந்து இத்தன வருசத்துல என்னைய யாரும் அதக் கேட்டதில்லங்க மாப்ள," என்றாள் அம்மா.

பிரின்சி கண்ணை மூடிக்கொண்டாள். மகளாக இருந்து தானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து எல்லா வெள்ளியும் கேட்டாள். அம்மாவும் எல்லாம் சொன்னாள். முழங்கால் வலி, முதலாளியம்மாவின் முணுமுணுப்பு, தூக்கம் வராதது. மகளிடம் ஒருநாளும் சொல்லாததெல்லாம் மருமகனிடம் வந்து விழுந்தது. அவகிட்ட குடுங்க என்றால், போன வச்சுட்டு வேலைக்குப் போயிருக்கா என்பான் ஆண்ட்ரூஸ். நாளாக ஆக அம்மா அதையும் கேட்பதை விட்டுவிட்டாள். மருமகன் வாய்த்துவிட்டான் அல்லவா! மகளுக்கு வந்துகொண்டிருந்த வாய்ஸ் மெசேஜ்கள் குறைந்து, பிறகு நின்றே போயின. சோறு வடிக்கும்போது கேட்கப் புது வசவு ஒன்றும் இல்லை. இல்லாத ஒரு ஆளின் மேல் பிரின்சிக்குப் பொறாமை வந்தது. தன் அம்மாவைத் தன்னிடமிருந்து பறித்தவன் தன் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாப்ள, அவ ஏங்க எங்கிட்டப் பேச மாட்டேங்கிறா? பயப்படுறாளா?"

"பயப்படுறாங்க அத்தை."

"எதுக்கு?"

"நீங்க அழுவீங்கன்னு."

"கிறுக்கச்சி," என்றாள் அம்மா. பிறகு வேகமாக, "ஊருல அவளப் பத்தி கண்டதையும் சொல்லுவாங்க, நீங்க நம்பாதீங்க மாப்ள. ஊசி போட்டு செயிச்சாளாம்! சின்னதுல தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா கையக் கடிச்சு வச்சவங்க அவ. ஊசின்னா பங்குச் சாமியார் பங்களா வரைக்கும் ஓடுவா. எம் புள்ள செஞ்சிருக்க மாட்டா. ஒங்களுக்குத் தெரியாதா?"

பிரின்சி அறையில் நின்றுகொண்டிருந்தாள். தன் இடது தோளை வலது கையால் அழுத்திப் பிடித்தாள். ஊசி ஏறிய இடம் அது.

"தெரியுங்க அத்தை," என்றான் ஆண்ட்ரூஸ். "அவ செஞ்சிருக்க மாட்டா."

போனை வைத்த பிறகு வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். எழுத்தில் சொன்ன 'பொய்' ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றைப் பெற்றவளுக்கே ஊட்டியாகிவிட்டது.

அடுத்த தடவை அம்மா கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். "இங்க வேலைய முடிச்சுக்கிட்டு ஊருக்கே வாரேன் மாப்ள. ஏர்ப்போர்ட்டுக்கெல்லாம் அலையாதீங்க. திருச்சியில பஸ் ஏறி திருமயத்துல ஒங்க ஊட்டு வாசல்லயே எறங்கிக்கிறேன். ஒங்களுக்கு ஒரு வாச்சி வாங்கிருக்கேன்."

பிரின்சி பல யோசனை செய்தாள். ஆண்ட்ரூஸை சிங்கப்பூருக்கு அனுப்பலாம். சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான் எனலாம். ஏன், சாகடித்துக்கூட விடலாம். எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு அம்மாவிடம் பேச அவளுக்கு ஒரு வாய் வேண்டுமே, அந்த வாயில் இந்தக் குரல்தானே இருக்கிறது?

பஸ் வந்து நின்றபோது நல்ல வெயில். அம்மா பாதியாகியிருந்தாள். இறங்கியதும் மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "கறுத்துட்டியேடி. வேளாவேளைக்குத் திங்கிறியா இல்லையா? மாப்ள எங்க? வேலையா?" பிரின்சி தலையை ஆட்டினாள், அசைத்தாள், எதற்கு எது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா அதற்குள் திரும்பி, டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கும் கண்டக்டரிடம் போய்விட்டாள். "மெதுவாப்பா, அங்கிட்டு ஒடையிற சாமான் இருக்கு."

முதுகு காட்டி நின்ற அம்மாவைப் பார்த்துத்தான் அவளுக்கு வாய் வந்தது.

"அம்மா."

மரிய செல்வி சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஒரு எட்டு விலகி நின்று, வெட்கப்பட்ட சிரிப்போடு திரும்பி, பிரின்சிக்குப் பின்னால் பார்த்தாள்.

"வாங்க மாப்ள."

பின்னால் யாரும் இல்லை. ஒரு பூக்காரி மட்டும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாந்தாம்மா," என்றாள் பிரின்சி.

அம்மா அவள் வாயைப் பார்த்தாள். பஸ் கிளம்பிப் போனது. அம்மா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"ஊசியா?" என்றாள்.

"ஆமாம்மா."

"தெரிஞ்சா போட்ட?"

"மொத ஊசி தெரியாது. அதுக்கப்புறம் தெரிஞ்சுதான்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையைத் திறந்து, வாட்ச் இருந்த சின்ன டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். ஆவூர்க்காரி அழுகிற மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அல்ல, சத்தமில்லாமல், டப்பாவைத் தடவித் தடவி. பூக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எம் புள்ளைக்கி என்னமா கொரலு. பூசையில பாடுனா சாமியாரு திரும்பிப் பாப்பாரு," என்றாள் யாரிடமோ.

பிரின்சி எதிரில் நின்றாள். பக்கத்தில் உட்கார அவளுக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

வெகுநேரம் கழித்து அம்மா டப்பாவைத் திரும்பக் கைப்பையில் வைத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம, சாப்டீங்களான்னு கேப்பாரு. அந்த ஒரு வார்த்தைக்கு வாரம் பூராம் இருந்தேன். அவரும் இல்லையாடி இப்ப?"

பிரின்சிக்கு அழுகை முட்டியது. அழுதால் அதுவும் ஆம்பிளை அழுகையாகத்தான் வரும். அடக்கிக்கொண்டு குனிந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான். அதில் கேட்டாள்.

"சாப்டியாம்மா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லடி," என்றாள்.