நூற்று இருபதில் பறந்த ஆமை

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ஆமை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி அவள் வண்டி ஓட்டிப் பார்த்தவர் யாரும் கிடையாது. அப்பேர்ப்பட்டவளிடம்தான் காப்பீட்டு அலுவலகத்துப் பெண் கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஸ்கூல் வேன் ஓட்ட உங்களுக்கு இன்சூரன்ஸ் தர முடியாதுங்க. உங்க லைசன்ஸ்ல மூணு அதிவேகக் கேஸ் இருக்கு. கடைசியா நூத்தி இருபதுல போயிருக்கீங்க."

ஆமைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் வேலை நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இரண்டு வருடம் நாயாய் அலைந்து கிடைத்த வேலை. காப்பீடு இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வேன் சாவியைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள்.

"கேமரா படம் இருக்குமே, காட்டுங்க."

அந்தப் பெண் திரையைத் திருப்பினாள். தம்பியின் கார். ஓட்டுவது தம்பியேதான், கறுப்புக் கண்ணாடியும் அவனுமாக. பக்கத்து இருக்கையில் அம்மா, வாய்கொள்ளாச் சிரிப்போடு.

"ஓட்டினது நீங்கன்னு உங்க கையெழுத்தோட ஃபாரம் வந்திருக்கு. இல்லேன்னா, ஓட்டினவர் பேரும் சாட்சி கையெழுத்தும் வாங்கி ஆட்சேபம் கொடுங்க."

அவள் ஆட்சேபத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது தம்பி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"உன் கேஸை எதுக்குடா என் தலையில கட்டின?"

அவன் நிமிரக்கூட இல்லை. "இன்னொண்ணு ஏறினா என் லைசன்ஸை முடக்கிடுவாங்கக்கா. உன்னுது சும்மாதானே கிடக்குது."

சும்மா கிடக்கிறதாம். பதினோரு வருடம் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய லைசன்ஸ், துரைக்குக் குப்பைத்தொட்டி. அவனை அறைந்தால் என்ன என்று அவளுக்குக் கை பரபரத்தது.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "அவனைத் திட்டாதே. நான்தான் உன் பேரைப் போடச் சொன்னேன். டெலிவரி வேலை போயிட்டா அவன் என்ன பண்ணுவான்?"

"வேன் வேலைக்கு நான் விண்ணப்பம் எழுதினப்ப பக்கத்துலதானேம்மா உட்கார்ந்திருந்தே?"

"உனக்குக் கிடைக்கும்னு நெனைக்கலைடி."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். இதற்கு மேல் ஆமைக்குக் கத்தவும் தோன்றவில்லை. மேசைமேல் தாளை விரித்து, 'ஓட்டியவர்' என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதினாள். அவன் இப்போதுதான் எழுந்தான்.

"அக்கா, விளையாடாதே. என் பொழப்பே போயிடும்."

"என்னுது ஏற்கெனவே போயிட்டிருக்கு."

அடுத்து, 'உடன் இருந்த சாட்சி'. அங்கே அம்மாவின் பெயரை அவசரமே இல்லாமல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். அம்மா முகம் வெளுத்தது.

பேனாவை அம்மாவின் பக்கம் தள்ளினாள். "கையெழுத்தை நீயே போடும்மா. அடுத்தவங்க கையெழுத்து போடற பழக்கம் எனக்கு இல்லை."