எந்த ஊர்த் தலையாட்டல்

மூடுபனிக் காலத்தில் டான்யூப் நதி எங்கள் வார்டுக்குள் வந்துவிடும். கரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு சாலையும் ஒரு வரிசை லிண்டன் மரங்களும்தான். காலையில் ஜன்னலைப் பார்த்தால் சாலையும் இருக்காது, மரமும் இருக்காது. வெள்ளையாக ஒன்று கண்ணாடியில் சாய்ந்து நிற்கும். உள்ளே மூச்சு யந்திரங்கள் உஸ்ஸென்று இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். எத்தனை வருடம் வேலை பார்த்தும், அந்த நேரத்தில் கட்டில்கள் தரையில்தான் நிற்கின்றனவா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

இந்த வார்டின் டாக்டர் நான், பெயர் வெசெலா. எங்கள் பல்கேரிய மொழியில் கலகலப்பானவள் என்று அர்த்தம். பெயரை நம்பி ஏமாந்த நர்சுகள் இந்த ஆஸ்பத்திரியில் நிறையப் பேர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நான் சொல்வேன், அவர்கள் சொல்வதில்லை.

எங்கள் வார்டில் இருப்பவர்கள் நுரையீரல் கெட்டுத் தொண்டையில் குழாய் வைக்கப்பட்டவர்கள். குரல் கிடையாது. அதைவிடப் பெரிய கஷ்டம், அவர்களுக்குத் தூக்கம் கிடையாது. தூங்கினாலும் கண்டதையும் காண்பார்கள். ஒருவர் கூரையில் ரயில் ஓடுகிறது என்று எழுதிக் காட்டுவார், இன்னொருவருக்குப் போர்வைக்குள் சிலந்தி. இவர்களை நிம்மதியாகத் தூங்கவைக்க ஒரு புது மருந்து உதவுமா என்று நானும் டாக்டர் ல்யூபெனும் ஓர் ஆய்வு தொடங்கினோம். பாதிப் பேருக்கு மருந்து ஏறும், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது எங்களுக்கே தெரியாது.

தினமும் காலையில் ல்யூபென் ஒவ்வொரு கட்டிலாகப் போய் மூன்று கேள்வி கேட்பான். வலி இருக்கிறதா? ராத்திரி பயமாக இருந்ததா? இதைத் தொடரலாமா? மூன்றாவதற்கு வேண்டாம் என்று பதில் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூட எங்களுக்கு உரிமை இல்லை. ஆய்வு என்ற பெயரில் ஒரு மனிதனின் உடம்பைக் கடன் வாங்கியிருக்கிறோம். அவர் கேட்டால் திருப்பிக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

குரல் இல்லாதவர் எப்படிப் பதில் சொல்வார்? தலையை ஆட்டித்தான். இங்கேதான் எங்கள் பல்கேரியத் தலைகளைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆமாம் என்றால் நாங்கள் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். இல்லை என்றால் மேலும் கீழுமாக. மற்ற ஐரோப்பாவில் பெரும்பாலும் நேர் எதிர். அவர்களுக்குத்தான் தலை சரியாகப் பொருத்தப்படவில்லை என்பது எங்கள் கட்சி.

ல்யூபென் என்னோடு மருத்துவம் படித்தவன். படித்து முடித்த கையோடு ஜெர்மனிக்குப் போய், தலை பாதி நரைத்த பிறகுதான் திரும்பி வந்தான். வந்த புதிதில் கேண்டீன் அம்மாள், "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டா?" என்று கேட்டாள். இவன் ஜெர்மன் பழக்கத்தில் மேலும் கீழும் ஆட்டினான். அவள் கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வார்டு முழுக்க அவனுக்குப் பெயர் ஜெர்மன்காரர். பாவம், முகம் சுண்டிப் போயிற்று. கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னான்:

"இனிமே இது பல்கேரியத் தலை, வெசெலா. வேணும்னா சோதிச்சுப் பாரு."

"சூப் வேணுமா?"

இடம் வலமாக ஆட்டினான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சொந்த ஊரில் மறுபடி சொந்தக்காரனாக ஆவது அவனுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

அந்த நவம்பர் மாதப் பனியில்தான் ஸ்டாமென் எங்களிடம் வந்தார். இங்கிருந்து ஸ்டுட்கார்ட் வரை காலமெல்லாம் லாரி ஓட்டியவர். நிமோனியா அவரை உரித்துப் போட்டிருந்தது. கையில் பேனா நிற்காது. உதட்டசைவைப் படிக்கலாம் என்றால் மேலே ஒரு பெரிய மீசை, உதடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மழித்துவிடலாம் என்று நர்சு சொன்னதற்கு அவர் மனைவி டோன்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"மீசையை எடுத்தீங்கன்னா அவரு வேற ஆளு. வேற ஆளைக் கூட்டிக்கிட்டு நான் வீட்டுக்குப் போக மாட்டேன், ஆமா."

மீசை அப்படியே இருந்தது. தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். கணவன் சாப்பிட முடியாத பனித்ஸா என்ற பூசணிக்காய் அடுக்கு ரொட்டியைச் சுட்டு எடுத்துவந்து நர்சுகளை மிரட்டிச் சாப்பிடவைப்பாள்.

ஸ்டாமெனின் பதில்கள்தான் எங்கள் ஆய்வுக்கே அழகு. ல்யூபென் அவர் பக்கத்தில் குனிந்து கேட்பான்.

"ராத்திரி பயமா இருந்துச்சா ஐயா?"

ஸ்டாமென் அவனை உற்றுப் பார்த்து, மெதுவாக, மிகவும் கவனமாக, தலையை மேலும் கீழும் ஆட்டுவார். பயமில்லை.

"இதையே தொடரலாமா?"

இடம், வலம். இடம், வலம். தொடரலாம். கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் இறங்கும்.

"பாத்தியா வெசெலா, நன்றிக் கண்ணீர்."

நானும் அப்படித்தான் நம்பினேன், பொய் சொல்லமாட்டேன். மருந்து வேலை செய்கிறது, ஒரு மனிதர் பயமில்லாமல் தூங்குகிறார், இதைத் தலைநகர் சோபியாவில் டாக்டர்கள் மாநாட்டில் எல்லார் முன்னாலும் நின்று சொல்லப்போகிறோம் என்றெல்லாம் மனம் கோட்டை கட்டியது. ஆனால் விடியும்போது அவர் நாடி குதிரையாக ஓடிக்கொண்டிருக்கும். படுக்கை விரிப்பு முறுக்கிக் கிடக்கும். ல்யூபெனிடம் சொன்னேன்.

"மனுஷன் நல்லா இருக்கேன்னு தன் தலையால சொல்றாரு. நாம நாடியை நம்பறதா, அவரை நம்பறதா?" என்றான்.

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

ஒருநாள் பனி சாலையில் நிற்பது போதாதென்று வராந்தா வரைக்கும் வந்துவிட்டது. பஸ் ஓடாது என்று டோன்கா பக்கத்து வீட்டுக்காரனின் காரில் ஏறி, அவன் வேலைக்குப் போகிற காலை நேரத்திலேயே வந்து இறங்கினாள். ல்யூபென் கேள்விகளோடு ஸ்டாமெனின் கட்டிலுக்கு வந்ததும் அவள் நுழைந்ததும் ஒரே சமயம். அவள் கால்மாட்டில் நின்றாள், ல்யூபென் தலைமாட்டில். அவனுக்கு அன்று மனசு லேசாக இருந்ததோ என்னவோ, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டான்.

"காலையிலேயே வீட்டம்மா வந்துட்டாங்க. சந்தோஷமா ஐயா?"

ஸ்டாமென் அவனைப் பார்த்தார். மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினார்.

"அடடா, இல்லையாம்! வீட்ல சண்டையா?" என்று ல்யூபென் சிரித்தான்.

டோன்கா சிரிக்கவில்லை. "என்னது? சந்தோஷமில்லையா? உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தக் குருடன் ஓட்டற கார்ல வந்திருக்கேன். நான் வந்தது சந்தோஷந்தானே?"

ஸ்டாமெனின் கண் அவள் பக்கம் திரும்பியது. தலை தலையணையில் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டது. ஆமாம், ஆமாம், ஆமாம். பிறகு ல்யூபெனைப் பார்த்தார். அவனுக்காக மறுபடியும் மெதுவாக, கவனமாக, மேலும் கீழும்.

கையில் இருந்த குப்பியை மேசையில் வைத்தேன். ஒரே கேள்விக்கு மனைவியிடம் ஒரு தலை, டாக்டரிடம் வேறு தலை. பதில் தெரிந்த கேள்வி ஒன்றை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"ல்யூபென், உன் பேரு இங்க என்ன?" என்றேன்.

"என்ன விளையாட்டு இது?"

"நர்சுங்க உன்னை எப்படிக் கூப்பிடறாங்க? இவர் காதுபட?"

அவன் நர்சுகள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் பல்கேரியனாக ஆக அத்தனை பாடுபட்டிருக்க, இந்த மனிதர் அவனை ஜெர்மன்காரர் என்று நினைத்து, அவனுக்குப் புரியவேண்டுமே என்ற மரியாதையில், லாரி ஓட்டிய நாடுகளில் கற்ற தலையாட்டலை அவனுக்காக ஆட்டியிருக்கிறார். பயமா என்றால் ஆமாம். தொடரலாமா என்றால் வேண்டாம், வேண்டாம். நாங்கள் நன்றி என்று துடைத்துவிட்ட கண்ணீர் கெஞ்சல்.

அவர் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தேன். "ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க. மருந்தை நிறுத்திடட்டுமா?"

அந்த எலும்புக் கைக்குள் அவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்ததோ. அழுத்தியவர் விடவே இல்லை.

அன்றே அவரை ஆய்விலிருந்து விலக்கினோம். யாருக்கு எது என்று எழுதி ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்த்தால், அவருக்கு ஏறியது உப்புநீர் இல்லை, மருந்துதான். அதுவரை தலையாட்டிச் சேர்த்த பதில்கள் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டு, மற்றவர்களிடம் கையழுத்தலில் முதலிலிருந்து தொடங்கினோம். சோபியாக் கோட்டை இடிந்தது. இடியட்டும். நான் வருத்தப்பட்டது அதற்கில்லை.

பனி நகரவேயில்லை. ஆனால் ஸ்டாமென் தூங்கினார். நாடி அடங்கியது, விரிப்பு கசங்காமல் கிடந்தது. கொஞ்சம் தேறியதும் தொண்டைக் குழாயின் வாயில், குரலைத் திருப்பித் தரும் சின்ன மூடியைப் பொருத்தினோம். முதல் பேச்சு டோன்காவிடம்.

"பனித்ஸா பூராத்தையும் இவங்களுக்கே குடுத்துட்டியா?"

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, நானும் ல்யூபெனும் கேட்டிருக்க, அந்தக் கனவைச் சொன்னார். உலர்ந்த இலை நகர்வது போலக் குரல்.

"தண்ணி வரும் டாக்டரம்மா. சத்தமே இல்லாம ஜன்னல் வழியா வரும். கட்டிலெல்லாம் அவுத்து விட்ட மாதிரி மிதந்து போகும், மரத்துக்கு மேல. நான் மட்டும் கீழ. லாரிக்குள்ள, ஆத்துக்கு அடியில. விளக்கு எரியுது, வைப்பர் தண்ணிக்குள்ளயே ஆடுது. பக்கத்து சீட்ல ஒரு பெரிய கெளுத்தி தூங்குது. சரக்கைக் கொண்டுபோய்ச் சேக்கணும், ஆனா ரோடு எங்கன்னு தெரியல. மேல எங்கியோ எங்க வீட்டு அடுப்படி ஜன்னல் மஞ்சளாத் தெரியும். இவ சாப்பிடக் கூப்பிடுவா. கதவு திறக்காது."

டோன்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடியற நேரத்துல ஒரு வெள்ளைப் படகு வரும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் குனிஞ்சு, பயமா இருக்கான்னு கேப்பாரு. ஆமாம்பேன். கீழேயே இருக்கலாமான்னு கேப்பாரு. வேண்டாம்பேன். அவரு சிரிச்சு, நல்லதுன்னு சொல்லி, லாரிக் கூரையில கையை வச்சு மறுபடி உள்ள தள்ளிடுவாரு."

யந்திரம் ஒன்று இழுத்தது, விட்டது.

"கோவப்படலைங்க. புரியலை போலிருக்கு, நாளைக்கு இன்னும் நிதானமா ஆட்டணும்னு நெனச்சுக்குவேன்."

ல்யூபென் ஜன்னலைப் பார்த்து நின்றான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளைதான். "ஜெர்மனியில இருந்த வரைக்கும் எல்லாரும் என்னை பல்கேரியன்னுதான் கூப்பிட்டாங்க" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கட்டில் பக்கமே வரவில்லை. வேறு வேலை, வேறு வார்டு, வேறு சாக்கு. நான் திட்டிப் பார்த்தேன். என் திட்டுக்கு அசையாத ஒருவனை அப்போதுதான் பார்த்தேன்.

பனி மெலிந்த ஒரு காலை. மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. வராந்தாவில் சக்கர நாற்காலியின் கிறீச்சு கேட்டு நிமிர்ந்தேன். தள்ளிக்கொண்டு வந்தவன் ல்யூபென். காலி நாற்காலியில் தடிப் போர்வையும் சாய்த்து வைக்கிற சின்ன ஆக்சிஜன் குப்பியும். கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றான். சவரம் செய்த கன்னத்தில் வெட்டுக்காயம் இருந்தது.

"ஐயா," என்றான், "ஆத்தங்கரை வரைக்கும் போய்ட்டு வரலாமா? மேல இருந்து பாக்கலாம்."

ஸ்டாமென் நாற்காலியையும் அவனையும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இடம், வலம். இடம், வலம்.

ல்யூபெனின் கை நாற்காலியிலிருந்து விலகியது. ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வந்த பையன்போலத் திணறினான்.

"இது... இது எந்த ஊர்த் தலையாட்டல்?"

ஸ்டாமென் மீசைக்குள்ளே சிரித்தார். குரல் வருவதற்கு ஒரு மூச்சு பிடித்தது.

"நம்ம ஊருதுதான், தம்பி" என்றார். "தள்ளு."