சாய்வாகப் போன வயர்

துளை போடும் மெஷின் சுவருக்குள் அரை அங்குலம் இறங்கியிருக்கும். படாரென்று பொறி பறந்தது. வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அவள் மெஷினைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

ஓடிவந்த கணவன் அவளைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தான்.

"என் தம்பி ரெண்டு நாள் மெனக்கெட்டு டிவி வயரையெல்லாம் சுவருக்குள்ள மறைச்சான். அதுலயே போய் ஓட்டை போட்டிருக்கியே. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஷெல்ப் மாட்டித் தாங்கன்னு ஆறு மாசமா கேட்டாச்சு. பிளக் பாயின்ட் மூலையில இருக்கு. வயர் அங்கிருந்து நேரா மேல போகணும், அப்புறம் நேரா டிவிக்கு வரணும். அந்த ரெண்டையும் விட்டு ரெண்டு முழம் தள்ளித்தான் துளை போட்டேன்."

"அண்ணி பெரிய எலக்ட்ரீஷியன்" என்றான் கொழுந்தன், சோபாவில் நீட்டிய காலை மடக்காமலே.

நிஜமான எலக்ட்ரீஷியன் அரை மணியில் வந்தார். மெயினை அணைத்துவிட்டு, அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே துளையைச் சுற்றிப் பூச்சைக் கொத்தினார். கொத்தக் கொத்த அவர் முகம் கடுகடுத்தது.

"யாருங்க இந்த வேலையைப் பார்த்தது? அம்மா சொன்னதுதான் சரி. நேரா மேல, இல்ல நேரா குறுக்க. அப்பதான் பின்னால ஆணி அடிக்கிறவங்க உயிரோட இருப்பாங்க. இது மூலையிலிருந்து சாய்வா போகுது. பைப்பும் இல்ல."

"நேரா விட்டா வயர் எட்டல" என்றான் கொழுந்தன். "சாய்ச்சும் கொஞ்சம் பத்தல. ஒரு துண்டு சேர்த்தேன்."

அந்தத் துண்டை எலக்ட்ரீஷியன் வெளியே இழுத்தார். இணைப்பின் மேல் சுற்றியிருந்தது, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.

"கடை மூடிட்டான். மருந்து டப்பாவுல இது இருந்தது" என்றான் கொழுந்தன்.

கணவன் தொண்டையைக் கனைத்தான். "சரி, நல்ல டேப் சுத்திப் பூசி விட்டுடுங்க. பெயின்ட் புதுசு."

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். வந்ததிலிருந்து இந்த மனிதன் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அடிபட்டதா என்று கேட்டானா? பெயின்ட் புதுசாம்.

கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "எழுந்திரு. வயர் எந்தெந்த வழியா போகுதுன்னு விரலால கோடு போட்டுக் காட்டு."

அவன் விரல் மூலையில் தொடங்கியது. கொஞ்சம் ஏறியது, நின்றது, கீழே வந்தது. சோபாவுக்கு மேலே, அவளுடைய குழந்தை சாய்ந்து சாய்ந்து அழுக்காக்கிய இடத்தில் தயங்கியது.

"இங்க ஒரு ஜாயின்ட்... இல்ல, அந்தப் பக்கமோ. ஞாபகம் இல்ல அண்ணி."

கணவன் அந்த அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டிவியின் ஒரு முனையைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் பிடிடா" என்றான் தம்பியிடம். "சுவர் முழுசையும் உடைக்கணும்."

"பைப் போட்டு, நேரா" என்றாள் அவள், எலக்ட்ரீஷியனிடம். "அதுவரைக்கும் மெயினை யாரும் தொடக்கூடாது."