ரோமனுக்கு ஓர் அர்ச்சனை

குணரத்தினம் அந்தத் தேங்காயை உடைத்தது நல்ல எண்ணத்தில்தான். அவர் செய்த நாசங்கள் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவை; கெட்ட எண்ணத்தில் ஏதாவது செய்திருந்தால் ஒருவேளை உருப்பட்டிருப்பார்.

செப்டம்பர் கடைசி. பருவத்தின் முதல் ஆட்டம். இரண்டாம் பிரிவில் ஆடும் அந்தக் கூடைப்பந்து அணியின் அரங்கில் அவருக்கு ஏழு வருடமாகத் துப்புரவு வேலை. போன பருவத்தில் மயிரிழையில் தப்பிய அணி. இந்த முறை மூன்றாம் பிரிவுக்கு இறங்கினால் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு மாதத்துக்கு முன் பிள்ளையார் தேர் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலைச் சுற்றி வந்தபோது தெரு நிறையத் தேங்காய் உடைத்தார்கள். பிரெஞ்சுப் பொலிஸ்காரரே விலகி நின்று படம் பிடித்தார்கள். தெருவுக்கு ஆகாத கெடுதல் ஒரு வாசலுக்கு ஆகிவிடுமா? ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடையொன்றில் முற்றலாகப் பார்த்து, காதோரம் ஆட்டிப் பார்த்து வாங்கினார். வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிவரும் வாசலில், ஆளில்லாத நேரம், "பிள்ளையாரப்பா, பெடியளைப் பார்த்துக்கொள்" என்று ஓங்கி அடித்தார். தேங்காய் பிரமாதமாகச் சிதறியது. அள்ளினார், துடைத்தார். முக்கால்வாசி துடைத்திருந்தபோது கழிப்பறை அடைத்துவிட்டதென்று கூப்பிட்டார்கள், போய்விட்டார். மிச்சத்தை, ஆட்டத்துக்கு ஓடிவந்து வழுக்கி விழுந்த ரோமன் துடைத்தான், இடது முழங்காலால்.

அணியே அவனை நம்பித்தான் இருந்தது. இருபத்துநான்கு வயது, பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டால் மற்ற நால்வரும் எங்கே ஓடுவதென்று அறிவார்கள். கூரை ஒழுகியிருக்கிறது என்று நிர்வாகம் எழுதிக்கொண்டது. அது ஒழுகும் கூரைதான். குணரத்தினம் அந்தக் கூரைக்காக வாய் திறக்கவில்லை.

ஒக்ரோபரில் தோற்றார்கள். நவம்பரில் தோற்றுப் பழகினார்கள். டிசம்பரில், நத்தாருக்கு, அட்டவணையின் அடியில் கிடந்தார்கள். "நீங்கள் கூட்டின இடம் எது உருப்பட்டது?" என்று கோசலை சோறு போட்டபடி கேட்டாள். மனைவி பகிடியாகத்தான் கேட்டாள். அவர் பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினார். ரோமன் ஊன்றுகோலோடு வந்து ஆட்டக்காரர் அமரும் வாங்கின் ஓரத்தில் இருப்பான். அவரைக் கண்டால் "மிசியே குணா!" என்று கையை உயர்த்துவான். ஊன்றுகோலால் ஓர் அடி போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவனுக்குப் பயிற்சி கொடுத்த ஆன்ஜெலிக் பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை, அணியின் உடற்சிகிச்சையாளர். "முழங்கால் எப்பிடி, பிள்ளை?" என்று குணரத்தினம் வாராவாரம் கேட்டார். "பாக்கலாம்ண்ணே." மார்ச்சில்: "ரெண்டாவது ஒபெராசியோன் ஆவட்டும்ண்ணே."

வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்கு நின்றார்.

"பேர்?"

"ரோமன்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது, ஐயா."

"பேரும் இப்பிடி, நட்சத்திரமும் இல்லையெண்டால் பிள்ளையார் ஆரெண்டு தேடுறது?"

தன்னுடைய கேட்டையையே கொடுத்தார். படியிறங்கும்போதுதான் பயம் பிடித்தது. கேட்டையின் பலனை ஐம்பத்தாறு வருடமாக அனுபவிக்கிறவர் அவர்.

மே மாதம் கடைசி ஆட்டத்தில் இரண்டு புள்ளியால் தோற்று, மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். மறுநாள் காலை குணரத்தினம் கதிரைகளுக்கிடையில் கிழிந்த கொடிகளைப் பொறுக்கினார். பிறகு துடைப்பத்தோடு சிகிச்சை அறை வாசலில் போய் நின்றார். ஆன்ஜெலிக் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கூரை ஒழுகேல்லை. அண்டைக்கு அந்த வாசல்லை நான் தேங்காய் உடைச்சனான்."

அவள் திகைக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே நகத்தளவு சிரட்டைத் துண்டு, தும்பு ஒட்டியபடி.

"அன்னிக்கே ரோமன் ஷூவுக்கு அடியில இருந்துச்சு. பாண்டிச்சேரியில எங்க தெருவுல புது வண்டிக்கெல்லாம் ஒடைப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா முட்டி வந்துடுமா? உங்க வேலைதான் போயிருக்கும்."

மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. ரோமன். ஊன்றுகோலைத் தரையில் போட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கூடைக்கு எறிந்துகொண்டிருந்தான்.

"மழுப்பாமல் சொல்லும். அவன் திரும்பி விளையாடுவானோ?"

ஆன்ஜெலிக் டப்பாவை மூடினாள். "மாட்டான், அண்ணே."

பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து, உருண்டு உருண்டு வந்து, அந்த வாசலில் நின்றது. எடுக்க யாரும் ஓடி வரவில்லை.