மூன்றாவது மூடி

பாக்கியசாமி இறந்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முற்றத்தில் அவருடைய தம்பி இராயப்பன், காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, என்ஜினின் பக்கவாட்டில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும், கூடத்தில் சவப்பெட்டியின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்திகள் நடுங்குவதுபோல அன்னம்மாவுக்குத் தோன்றியது. உற்றுப் பார்த்தாள். சுடர்கள் நேராகத்தான் நின்றன.

"சாவு வீட்டுல இரும்படிக்கிறான் பாரு" என்றாள் தெரேசா. பாக்கியசாமியின் அக்கா. ஜெபமாலையில் பாதி தாண்டியிருந்தாள். விட்ட மணியை விரலால் பிடித்துக்கொண்டே வாசலைப் பார்த்துக் கத்தினாள். "டேய், அந்தக் காடிய நாளைக்குப் பாத்துக்கக் கூடாதா?"

"அண்ணன் காடிதான் முன்னால போவணும்னு டாக்சி ஸ்டாண்டுல சொல்லிட்டாங்கக்கா. கயித்துல கட்டி இழுத்துக்கிட்டா போறது?"

"நீ காடியில அடிச்ச அடியிலதான் அவன் போய்ச் சேந்தான். இன்னும் அடி."

சுத்தியல் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக.

நேற்று நடந்தது அவர்கள் ஊரான ஜெலுத்தோங்கில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பாக்கியசாமி தீவின் மறுபக்கம், மலைக்கு அப்பால் இருக்கும் பாலிக் புலாவுக்கு வாடகை ஏற்றிக்கொண்டு போனார். மலை ஏற்றத்தில் என்ஜின் தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போய்க் கார் நின்றது. காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்கி ஏறினார். உச்சி வெயில். அறுபதுக்கு இரண்டு குறைவான வயது. சாலையோரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி" என்று முற்றத்திலிருந்து இராயப்பன் கூப்பிட்டான். "அண்ணன் மொகம் மழிக்கிற கண்ணாடி இருக்கா?"

அன்னம்மா எழுந்தாள்.

"நீ எங்க போற?" என்றாள் தெரேசா. "பொண்டாட்டி பக்கத்துல உக்கார வேணாமா?"

"கண்ணாடி கேக்கறாரு அக்கா."

குளியலறை ஆணியில் கண்ணாடி தொங்கியது. அதன் ஓரத்தில் சவர்க்கார நுரை காய்ந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பழைய இங்கிலீஷ் காரின் என்ஜினில், ஒரு பக்கமாக மூன்று வட்டத் துளைகள் இருந்தன. என்ஜினை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்க விட்ட துளைகள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஓர் இரும்புத் தகடு அடைத்திருக்கும். தகட்டுக்கு உள்ளே தண்ணீர். இராயப்பன் அதை மூடி என்பான். இரண்டு மாதத்துக்கு முன் தன் பட்டறையில் வைத்து இரண்டு மூடிகளை மாற்றினவன் அவன்தான். மூன்றாவது மூடி புகைக்குழாய்க்குப் பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது. அதை மாற்றவில்லை.

"இப்படிப் பிடிங்க. வெளிச்சம் பின்னால விழணும்."

அவள் கண்ணாடியைச் சாய்த்தாள். வெயில் ஒரு சிறு வட்டமாகி இரும்பின் மேல் விழுந்து அசைந்தது. இராயப்பன் உளியை ஊன்றி ஒரு தட்டுத் தட்டி நெம்பினான். என்ஜினில் மிச்சமிருந்த தண்ணீர் செம்பழுப்பாகக் கொட்டி, சிமெண்டுத் தரையில் ஓடிப் பரவியது. அன்னம்மா காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

மூடியை அவன் அவள் கையில் கொடுத்தான். அது காகிதம்போல மெலிந்திருந்தது. நடுவே ஒரு கீறல்.

"துருதான். ஆனா துரு ஒரு நாள்ல திங்காது அண்ணி" என்றான். "மொதல்ல கசியும். ராத்திரி வண்டி நிக்கிற எடத்துல சொட்டும். காலையில பாத்தா தரையில செவப்பா கறை இருக்கும். ஒரு வாரம் அப்படிச் சொல்லிட்டுத்தான் ஒடையும்."

அவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணன் ஸ்டாண்டுல என்னா பெருமை பேசும் தெரியுமா? எங்க வீட்டுத் தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் எனக்குத் தெரியும், அன்னம்மா அப்படி வெச்சிருக்கான்னு. கறை இருந்திருந்தா பாத்திருக்கும். பாத்திருந்தா அன்னிக்கே எங்கிட்ட வந்திருக்கும். வரலியே. அப்ப கசியவே இல்ல. திடீர்னு பொளந்திருக்கு."

உளியைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"மத்த ரெண்டையும் மாத்துன அன்னிக்கு இத நான் சுத்தியலால தட்டிப் பாத்தேன் அண்ணி. சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. இன்னும் ஒரு வருசம் தாங்கும்னு அண்ணன்கிட்ட சொன்னேன். அந்தத் தட்டுலதான் கீறல் விட்டிருக்கணும். வேற எப்படி?"

புதிய மூடிக்கு இடம் செய்ய, துளையின் விளிம்பை மணல்காகிதத்தால் தேய்க்கத் தொடங்கினான். அன்னம்மா கண்ணாடியைப் பிடித்தபடி நின்றாள். வெயில் வட்டம் இப்போது துளையைவிட்டு விலகியிருந்தது.

*

பதினொரு நாளாக அவளும் பாக்கியசாமியும் பேசிக்கொள்ளவில்லை.

கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. அவள் பெயர்கொண்ட புனிதை. கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். இந்த வருஷம் அவர் யாரோ ஒரு குடும்பத்துக்கு வாடகை ஒப்புக்கொண்டுவிட்டார். அவள் கோயில் பெண்களோடு படகிலும் ரயிலிலும் போய், மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு புழுதியில் நடந்தபோது, பாக்கியசாமியின் கார் அவளைத் தாண்டிப் போனது. பின் இருக்கையில் அந்நியப் பெண்கள். அவர் அவளைப் பார்த்துவிட்டு இரண்டு முறை ஹாரன் அடித்தார். சிரித்துக்கொண்டேதான் அடித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அப்பாவைச் சாப்பிட வரச் சொல் என்று அனுப்பலாம். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவர் காரிடம் பேசினார்.

"இன்னிக்கு மீனா, பருப்பான்னு தெரியலியே" என்பார், காரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டே.

"கண்ணு இருக்கறவங்க சட்டியத் தெறந்து பாக்கட்டும்" என்பாள் அவள், துடைப்பத்திடம்.

சனிக்கிழமை காலையில்தான் முதலில் அதைப் பார்த்தாள். அவர் எழும் முன்னே முற்றத்தைக் கழுவிவிடுவது அவள் வழக்கம். காருக்கு அடியில், ஒரு வெற்றிலை அளவுக்குச் சிவப்புக் கறை. வேறு நாளாயிருந்தால் அங்கிருந்தே கத்தி எழுப்பியிருப்பாள். அவரே வந்து என்னிடம் கேட்கட்டும் என்று நினைத்தாள். தண்ணீரை விசிறி ஊற்றித் துடைப்பத்தால் இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இருந்தது. திங்கள், செவ்வாய், புதனும். அவர் எழுந்து வரும்போது தரை ஈரமாக, சுத்தமாக இருந்தது. காலையில் ஒரு டின் தண்ணீர் ஊற்றுவது அந்தக் காருக்கு எப்போதும் உள்ளதுதான். பகலில் ஸ்டாண்டில் பத்து கார்கள் நிற்கும். யார் காரின் சொட்டு என்று யார் பார்ப்பார்கள்?

நேற்றுக் காலை கறை ஒரு தட்டளவு இருந்தது. அதையும் கழுவிவிட்டு, வாளியோடு நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். கோப்பியைக் குடித்துவிட்டுக் குவளையைத் திண்டில் வைத்தார். பானெட்டைத் தட்டினார்.

"பாலிக் புலாவ் மலை. ஏறிடுவியா கெழவி?"

அன்னம்மா வாயைத் திறந்தாள். அவர் திரும்புவார் என்று காத்திருந்தாள். அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் காரிடம்தான் கேட்டார்.

*

மத்தியானம் சித்தி ஹாஜரா வந்தாள். நேற்று அந்தக் காரில் போன பெண். பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். சந்தையில் பழகிய தமிழ். ஒரு கைக்குட்டையில் சுற்றிய பாக்கியசாமியின் தொப்பியை அன்னம்மாவின் மடியில் வைத்தாள்.

"ரோட்டுல கெடந்துச்சு அக்கா. விட்டுட்டுப் போக மனசு வரல."

தொப்பியின் உள்பட்டையில் வேர்வை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அண்ணன் ரெண்டு தரம் தண்ணி எடுத்துட்டு வந்துச்சு. மூணாந்தரம் வேணாம்லா, லாரி ஏதாச்சும் வரும்னு சொன்னேன். கேக்கல."

"ஏதாவது சொன்னாரா?" என்று அன்னம்மா கேட்டாள்.

"எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. காடிகிட்டதான் பேசிக்கிட்டு இருந்துச்சு." ஹாஜரா தயங்கினாள். "இன்னும் கோவமா கெழவி, போதும்லா, எறங்குன்னு. நாங்க சிரிச்சிட்டோம் அக்கா. அப்ப தெரியல."

தெரேசா மூக்கைச் சிந்தினாள். "அந்தப் பாழாப்போன மூடிய ஒழுங்கா மாட்டியிருந்தா எந்தம்பி இப்படி மலையில போய்ச் சாவானா?"

வாசலில் இராயப்பன் நின்றிருந்தான். கேட்டுவிட்டு முற்றத்துக்கே திரும்பிப் போனான்.

அன்னம்மா பின்னால் போனாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். அவன் புதிய மூடியின் விளிம்பில் ஈயப் பசை தடவி, குவிந்த பக்கம் வெளியே தெரியும்படி துளையில் வைத்திருந்தான். அதன் நடுவில் ஒரே அடி அடிக்க வேண்டும். தகடு தட்டையாகி விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அடி கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடும். சுத்தியலை ஓங்கினான். தாழ்த்தினான். மறுபடியும் ஓங்கினான்.

"கை நிக்க மாட்டேங்குது அண்ணி."

"பசியாறினீங்களா?"

"இல்ல."

"பசியாறிட்டு அடிங்க தம்பி."

"வேணாம்" என்று சொல்லிவிட்டு அடித்தான். சரியாகத்தான் விழுந்தது. அவள் உள்ளே வந்துவிட்டாள்.

*

மூன்றே முக்காலுக்குப் பாதிரியார் ஜெபித்து முடித்தார். பெட்டியை மூடினார்கள். முற்றத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தது; இருபது நிமிஷமாக இராயப்பன் அதை ஓடவிட்டிருந்தான். ஸ்டாண்டு ஆட்கள் ஐந்து பேர் பெட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். தலைமாட்டில் வலது பக்கம் காலியாக இருந்தது.

"இராயப்பா, கையக் கழுவிட்டு வா" என்று ஒருவர் கூப்பிட்டார்.

"நான் காடி ஓட்டுறேன். வேற யாராச்சும் பிடிங்க."

"கூடப் பொறந்தவன் தூக்காமலா? காடிய நான் ஓட்டுறேன், வாய்யா."

"அக்கா சொன்னது சரிதான். என் கை அதத் தொடக் கூடாது."

தெரேசா ஜெபமாலையைத் தாழ்த்தினாள். "ஏதோ வயித்தெரிச்சல்ல சொன்னேன்டா. அதுக்காக?"

"எரிச்சல்ல சொன்னாலும் சரிதான்."

அவன் காருக்கு அருகில் மண்டியிட்டு அடியில் குனிந்து பார்த்தான். "ஒரு சொட்டு இல்ல" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அன்னம்மா முற்றத்தில் இறங்கினாள். வாளி கவிழ்ந்து கிடந்தது. இன்றைக்கு யாரும் தரையைக் கழுவவில்லை. காலையில் கொட்டிய தண்ணீர் காய்ந்து, காருக்கு அடியிலிருந்து வாசற்படி வரை சிவப்பாகப் படிந்திருந்தது.

"கறை இருந்துச்சு" என்றாள்.

என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தான் காரைப் பார்த்துச் சொன்னது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. திரும்பினாள்.

"தம்பி, காடிய நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான். பெட்டியைப் பிடித்திருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கறை இருந்துச்சு தம்பி. ஆறு நாளா இருந்துச்சு. தெனம் காலையில அவரு எழுந்திரிக்கறதுக்கு முன்னால நான்தான் கழுவி விட்டேன்."